கடைசிப் பூட்டு

மெயின் சுவிட்சில் ஒரே ஒரு பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் அவரவர் பூட்டைக் கழற்றிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்கள். சோப்புத்தூள் கலக்கும் அந்தப் பெரிய உருளையைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும், தன் போட்டோ ஒட்டிய பூட்டை அந்தச் சுவிட்சில் மாட்டிவிட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் தானேதான் திறக்க வேண்டும். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் மிஷின் ஓடாது. பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த நாளிலிருந்து கெஞ்சியும் திட்டியும் நான் கொண்டுவந்த பழக்கம் இது. அதற்காக எனக்குக் கிடைத்த பட்டம் ‘பூட்டக்கா’. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பூட்டக்கா.

மிச்சமிருந்த பூட்டு ஃபிட்டருடையது. போட்டோவில் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். நேரிலும் அதே முறைப்புதான்.

“அவன் போயாச்சும்மா. கேட்ல விரல் வச்சுட்டுப் போனதை நானே பார்த்தேன்” என்றார் உற்பத்தி மேனேஜர். வாசலில் சரக்குக்காக லாரி நின்றது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மேனேஜரின் ஒரு கை சுவிட்சின் கைப்பிடியை விட்டு நகரவேயில்லை.

“உள்ள பார்த்தாச்சா?”

சூப்பர்வைசர் டார்ச்சை ஆட்டிக் காட்டினார். “எட்டிப் பார்த்தேன் மேடம். ஈ காக்கா இல்ல.”

“பூட்டுக்குச் சொந்தக்காரர் சொல்லாம நான் வெட்ட மாட்டேன் சார்.”

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கச் சொல்லி எழுத வேண்டியவர் இவர்தான். ‘ஊரைத் திருத்துறது அப்புறம், முதல்ல உன் வேலையைக் காப்பாத்திக்கோ’ என்று காலையில்கூட என் கணவர் சொல்லித்தான் அனுப்பினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஃபிட்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“பூட்டா? அய்யோ, மறந்துட்டேன் மேடம். வெட்டிடுங்க, பரவால்ல.”

“கேட்டாச்சா? ஆளே சொல்லிட்டான்” என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் நீட்டிய, பூட்டு வெட்டும் கட்டரை வாங்கினேன். அதன் வாயைப் பூட்டின் வளையத்தில் கொடுத்து, இரண்டு கையாலும் பலம்கொண்ட மட்டும் அமுக்கினேன். இரும்பு பாதி விட்டுக்கொடுத்தது. அப்போதுதான் எனக்கு உறுத்தியது. கிழிந்த கையுறைக்குப் பதில் புதுசு கேட்டு ஒரு மாதம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று சண்டை போட்ட மனுஷன் இவர். தன் ஸ்பேனரை இன்னொருத்தன் தொட்டால் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார். அவரா இவ்வளவு சுலபமாக வெட்டிடுங்க, பரவால்ல என்கிறார்?

கட்டரைத் தளர்த்தினேன்.

“அண்ணே, சாவி எங்க இருக்கு?”



“பையில... வீட்ல... எங்கயாவது இருக்கும் மேடம்.”

“இப்ப கையில எடுங்க. சாவிச் சத்தத்தை எனக்குக் கேட்க வையுங்க.”

“என்னம்மா விளையாட்டு இது?” என்று மேனேஜர் கத்தினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. சாவி என் மச்சான்கிட்ட இருக்கு” என்றார் ஃபிட்டர். குரல் உடைந்திருந்தது. “என் சம்சாரத்தோட தம்பி. ரொம்ப நாளா வேலை இல்ல. இன்னிக்கு ஆள் குறையுதுன்னு கூட்டிட்டு வந்தேன். உங்க சேஃப்டி கிளாஸ் முடிச்சாத்தான் பூட்டு தருவீங்க. பூட்டில்லாம ஒருத்தரும் உள்ள இறங்கக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? அதான் என்னுதைக் குடுத்தேன்.”

“அவர் எங்க இப்போ?”

“எனக்கு முன்னாடியே கிளம்பியிருப்பான்னு நெனைச்சேன். போன் அடிச்சா எடுக்கல.” சட்டென்று அலறினார். “மேடம்! மேடம், வெட்டிட்டீங்களா?”

மேனேஜரின் கை அப்போதுதான் கைப்பிடியிலிருந்து இறங்கியது. நான் ஏணியில் ஏறி உருளையின் வாயில் தலையை விட்டுக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சூப்பர்வைசர் சொன்னது பொய்யில்லை, எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் யாரும் இல்லை. ஆனால் உருளையின் அடியில், தூளைத் தள்ளிவிடும் திருகுத் தண்டு இருக்கிற குழாய் ஒரு வளைவுக்கு அப்பால் போகிறது. அதற்குள் யாரும் போவதில்லை, போகவும் சொல்வதில்லை. சூப்பர்வைசர் கீழே ஓடி, குழாயின் தகட்டை ஸ்பேனரால் ஓங்கித் தட்டினார்.

ஒன்றுமில்லை.

மறுபடி தட்டினார். நான் உருளையின் வாயில் காதை வைத்தேன்.

உள்ளேயிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது. யாரோ கதவைத் தட்டியதற்கு ‘இதோ வரேன்’ என்று சொல்வது போல, நிதானமாக.

நான் இறங்கி வழிவிட்டதும், ஏணியின் மேல்படியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முளைத்தார். தலை, மீசை, இமை எல்லாம் சோப்புத்தூள். இரண்டு காதிலும் அடைப்பான், அதுவும் சுவரில் நான் ஒட்டிவைத்த படத்தில் இருப்பது போலவே இறுக்கமாக. எங்களைப் பார்த்ததும் தும்மினார், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

“ஓரத்துல கட்டியா இருந்துச்சு மேடம். சுத்தமா வழிச்சு எடுத்துட்டேன்” என்று, தன் குரல் தன் காதுக்கே கேட்காததால், கத்தினார். “வேலை நல்லாயிருந்தா நாளைக்கும் கூப்பிடுவாங்கன்னு மாமா சொன்னாரு.”

இவரை ஓங்கி அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் நின்றேன். மேனேஜர் சுவிட்சைவிட்டு நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்ன நடக்க இருந்தது என்பதை உள்ளேயிருந்து வந்தவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் இறங்கி வந்து, பையிலிருந்து சாவியை எடுத்தார். சொல்லிக்கொடுத்தபடியே தன் கையாலேயே பூட்டைத் திறக்கப் போனவர், வளையத்தில் பதிந்திருந்த வெட்டைப் பார்த்து நின்றார்.

“இது என்ன மேடம், யாரோ கடிச்ச மாதிரி?”

என் கையிலிருந்த போனில் ஃபிட்டர் ‘மச்சான், மச்சான்’ என்று அழுதுகொண்டிருந்தார். மச்சானின் காதில் அடைப்பான் இன்னும் இருந்தது. வளையம் நெளிந்துபோயிருந்ததால் பூட்டு திறக்கவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, சாவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொறுமையாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.