கால் அங்குலப் பேய்

திரையில் சால் டிமார்கோ சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். திரையின் வலப்பக்கமாக அவனை ஒட்டி இன்னொரு சாலும் தின்றுகொண்டிருந்தான்.

இரண்டாமவன் மங்கல். அசல் சாலின் வெள்ளைச் சட்டை ஓரத்தில் இவனுடைய சட்டை சாம்பல் கறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அசலின் கருப்பு முடிக்குப் பக்கத்தில் இவனுக்கு நரைத்த முடி. வெள்ளைக்குக் கருப்பு, கருப்புக்கு வெள்ளை. ஆய்வுக்கூடத்தில் இதைப் பேய் என்பார்கள்.

டியூப் பிரிவின் தலைவி வெர்னா ஹோலிக் டிவி பெட்டியின் முன் குனிந்து பார்த்தாள்.

"கொட்டகையில பாத்தப்ப இது இல்ல."

"கொட்டகையில இருக்கிறது அஞ்சு அங்குல மானிட்டர்," என்றார் ஏமஸ் கிரோக். கேபிள் பிரிவின் தலைவர். கைகளைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் நின்றார். "அதுல பேய் என்ன, யானையே தெரியாது. பெரிய திரைக்கு வந்ததும் உன் டியூபோட லட்சணம் தெரியுது."

"என் டியூபா? உங்க லைனா?"

"லைன் நான் போட்டது."

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல அவர் சொன்னார்.

ஆய்வுக்கூட முற்றத்தின் அந்தக் கோடியில், பசாயிக் ஆற்றை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் கேமரா, கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் வெர்னாவின் டியூப், கேமராவுக்கு எதிரே சால். கொட்டகையிலிருந்து கிளம்பும் கேபிள் கிரோக்கின் பட்டறை வழியாக, வெர்னாவின் டியூப் அறை வழியாக இந்தக் கூடத்துக்கு வந்து சேரும். கூடத்தில் பதினைந்து நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு நாற்காலிதான் முக்கியம். நியூ யார்க் தலைமை அலுவலகத்திலிருந்து தார்ன்பெரி வந்துவிட்டார். மாடியில் இயக்குநருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் இறங்கி வந்து படம் பார்ப்பார். பிடித்தால் டியூப் பிரிவு தொடரும். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் பிரிவுக்குப் பூட்டு. வெர்னாவும் அவள் ஆட்களும் ராணுவ ரேடார் வேலைக்குப் போக வேண்டியதுதான். உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருப்பதாகப் பேச்சு.

அவள் அந்த டியூபோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டியிருந்தாள். மற்ற கேமராக்களுக்கு, நடிகைகளின் முகப்பூச்சு உருகி வழிகிற அளவுக்கு விளக்கு வேண்டும். வெர்னாவின் டியூபுக்கு ஒரு தீக்குச்சி போதும். அதன் நெஞ்சுப் பகுதியில் ஒரு கண்ணாடிச் சவ்வு. கண்ணாடியை உருக்கி, சோப்புக் குமிழ் மாதிரி ஊதி, வெடிப்பதற்குள் வளையத்தில் பிடித்து ஒட்ட வேண்டும். தும்மினால் போச்சு. வசந்தத்திலிருந்து ஊதியவற்றில் பாதி கையிலேயே உடைந்தன. மீதியில் பாதி அடுப்பில் விரிசல் விட்டன. பிழைத்தவற்றிலும் காற்று கசிந்தது. உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று. அது இப்போது கொட்டகையில் இருந்தது.

"சவ்வுல எலக்ட்ரான் தெறிச்சு பக்கத்துல விழுது," என்றார் கிரோக். "வெள்ளைக்குப் பக்கத்துல கருப்பு. இந்த வகை டியூபுக்கே உள்ள வியாதி. நீயே போன வருஷம் கூட்டத்துல சொன்ன."

சொல்லியிருந்தாள். அதுதான் சிக்கல். டியூபின் வியாதியும் இப்படித்தான் இருக்கும், லைனின் வியாதியும் இப்படித்தான் இருக்கும்.

லைனின் வியாதி எளிது. கேபிளில் ஓடுகிற படம் ஓர் அலை. கேபிளின் கடைசியில் ஒரு சின்ன மின்தடையை வைத்தால் அலையை அது விழுங்கிவிடும். வழியில் எங்காவது கேபிள் பிசகியிருந்தால் அலையில் ஒரு பங்கு அங்கேயே முட்டி, சுவரில் அடித்த பந்துபோல கேமரா வரை திரும்பிப் போய், மறுபடி கிளம்பி, தாமதமாக வந்து சேரும். தாமதமாக வருவது திரையில் வலப்பக்கம் விழும்.

எப்போதும் வலப்பக்கம்.

வெர்னா நிமிர்ந்தாள். "ஏமஸ், லைன்ல வர்ற பேய் இடது பக்கம் விழுமா?"

"எப்படி விழும்? பின்னால வர்றது முன்னால வந்துடுமா?"

"டியூப்ல இருக்கிற பேய்?"

"அது டியூபோட இஷ்டம்." பிறகு அவருக்கும் உறைத்தது. கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "வேண்டாம், வெர்னா."

அவள் அதற்குள் ஃபோனை எடுத்திருந்தாள். "சால், வாயில இருக்கிறத முழுங்கு. டியூபைச் சுத்தி காயில் இருக்கே, எலக்ட்ரான் பீமை இடமிருந்து வலமா இழுக்கிறது. அதோட ரெண்டு வயரையும் மாத்திப் போடணும்."

திரையில் சால் மெல்லுவதை நிறுத்தினான். "இப்பவா, பாஸ்?"

"இப்பவே. படம் கண்ணாடில பாக்கிற மாதிரி புரண்டு வரும். பேயும் கூடவே புரண்டு இடது பக்கம் வந்தா அது நம்ம டியூப். வலது பக்கமே நின்னா லைன்."

"பீம் ஓடாம ஒரே இடத்துல ஒரு நொடி நின்னா சவ்வுல ஓட்டை விழுந்துடும்," என்றார் கிரோக். அவர் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "கையில இருக்கிறது ஒரே டியூப். தார்ன்பெரி ஆப்பிள் பை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. பேயோட படம் காட்டு. வெறும் கருப்புத் திரையைக் காட்டறதுக்கு அது மேல்."

நியாயமான பேச்சுதான். வெர்னா யோசித்துப் பார்த்தாள். பேயோடு காட்டினால் தார்ன்பெரி மரியாதையாகக் கைகுலுக்குவார். திங்கட்கிழமை பூட்டு விழும்.

"சால், முதல்ல பீமை அணை. குமிழை முழுசா இடது பக்கம் திருப்பு. திருப்பிட்டுச் சொல்லு. சொல்லாம வயர்ல கை வைக்காத."

"நான் என்ன உங்க கண்ணுக்குக் கேபிள் பிரிவு ஆள் மாதிரியா தெரியறேன்?"

"அவன் பேசினது எனக்குக் கேட்டுச்சு," என்றார் கிரோக்.

திரை இருண்டது. ஃபோனில் ஸ்பேனர் விழுகிற சத்தம். ஒரு இத்தாலியக் கெட்ட வார்த்தை. மூச்சு. வெர்னா ஃபோன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்நுனி வெளுத்துப் போனது தெரியவில்லை.

"மாத்தியாச்சு, பாஸ். பீம் போடவா?"

"முதல்ல காயில்ல கரன்ட் ஓடுதான்னு மீட்டரைப் பாரு."

"ஓடுது."

"போடு."

திரை சாம்பலானது. பிறகு மங்கலான வெளிச்சம், பிறகு சால். புரண்டு போயிருந்தான். சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. பின்சுவரில் 'வெளியே' என்று எழுதிய பலகை கண்ணாடி எழுத்தாக வலமிருந்து இடமாக ஓடியது. பேய்?

பேய் இருந்த இடத்திலேயே இருந்தது. வலப்பக்கம். அசையவில்லை.

"லைன்!" வெர்னா மேஜையில் ஓங்கி அறைந்தாள். "லைன்! உங்க லைன், ஏமஸ்! என் டியூப் சுத்தம்!"

"ஜெயிச்சோமா?" என்றான் ஃபோனில் சால். "யாராவது சொல்லுங்கப்பா. நான் இங்க சிலை மாதிரி நிக்கறேன்."

கிரோக் முகம் சிவந்து போயிருந்தது. ஆனால் அவர் வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை உருவித் திரையில் வைத்தார். அதுதான் அந்த மனிதரிடம் வெர்னாவுக்குப் பிடித்த ஒரே விஷயம். அளக்க ஒன்று கிடைத்துவிட்டால் கோபத்தை மறந்துவிடுவார்.

"கால் அங்குலம்," என்றார். "திரை அகலம் பன்னிரண்டு. ஒரு வரி ஓட ஐம்பத்து மூணு மைக்ரோ செகண்டு. அப்ப இது ஒண்ணு சொச்சம். போக வர அந்த நேரம்னா, கேபிள்ல…"

"முந்நூத்தி அம்பது அடி," என்றாள் வெர்னா. "கேமராவுல இருந்து."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த லைனில் எத்தனையாவது அடியில் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் மனப்பாடம்.

"என் பட்டறை," என்றார் கிரோக், ரொம்பச் சின்னக் குரலில்.

ஓடினார்கள். வராந்தாவில் காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கிரோக்கின் பட்டறையில் கேபிள் சுவரோரமாகப் போனது. அலமாரிக்குப் பின்னால் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து மேஜைக்கடியில் இறங்கியது. மேஜைக்கடியில் ஒரு பழைய மானிட்டர். அதன்மேல் ஒரு பேஸ்பால் தொப்பி, யாங்கீஸ் அணியுடையது.

அந்த வாரம் பேஸ்பால் இறுதித் தொடர். லைனைச் சோதிப்பதற்கென்று கொட்டகைக் கூரையில் இருந்த ஏரியலின் படத்தை மதிய வேளையில் அனுப்புவார்கள். சோதனைப் படமாக ஆட்டமே வந்துகொண்டிருந்தது. லைனில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அறிவிப்பு எழுதி ஒட்டியவர் கிரோக்.

"அடப்பாவி மனுஷா," என்றாள் வெர்னா.

"ஆட்டம் பாக்க, சும்மா ஒட்டுக் கேக்கிற மாதிரிதான் கிளை எடுத்தேன். லைனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது." கிரோக் மண்டியிட்டு மானிட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நெற்றியை மேஜை விளிம்பில் முட்டிக்கொண்டார்.

உள்ளே அந்தச் சின்ன மின்தடை இருந்தது. அழகாக, பளபளவென்று பற்றவைத்து. கிரோக்கின் கைக்கு வந்த எந்த மானிட்டரும் அது இல்லாமல் வெளியே போனதில்லை. லைனின் கடைசியில் மட்டும் வைக்க வேண்டியதை, ஒழுங்கான பழக்கம் காரணமாக, நட்டநடுவில் வைத்திருந்தார். ஒன்றும் தெரியாத ஆள் வெறும் கம்பியை மாட்டிப் பார்த்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

"நல்ல சால்டரிங்," என்றாள் வெர்னா.

"வாயை மூடு," என்றார் கிரோக். கிளையைப் பிடுங்கினார்.

திரும்ப ஓடினார்கள். பெரிய திரையில் ஒரே ஒரு சால். தெளிவாக, தாடையில் கடுகுச் சாஸ் ஒட்டியிருப்பதுகூடத் தெரிய. வெர்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயரை மறுபடி மாற்றச் சொன்னாள். பழைய படியே பீமை அணைத்து, மீட்டரைப் பார்த்து. சால் நேரானான். மாடிப்படியில் காலணிச் சத்தம் கேட்டது. இயக்குநரின் உரத்த சிரிப்பு.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. பெரிய பேய் இருந்தவரை இது தெரியவில்லை. சாலின் காதோரத்துக்கு வலப்பக்கம், இன்னும் தள்ளி, முடி இழை மாதிரி ஒரு கோடு. கூர்மையான விளிம்புகளில் மட்டும். தெரிந்து தேடினால்தான் கிடைக்கும்.

கிரோக் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. தார்ன்பெரியும் பார்க்கப் போவதில்லை. டியூப் சுத்தம் என்று நிரூபித்தாயிற்று. பேசாமல் இருந்தால் வெற்றி அவளுடையது மட்டும். அவள் கிரோக்கின் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஐந்நூறு அடிக்குச் சற்று மேல். அங்கே என்ன இருக்கிறது என்று கணக்குப் போடத் தேவையில்லை.

ஃபோனை எடுத்தாள். "சால், நம்ம ரூம்ல நீ லைன்ல ஏதாவது மாட்டினியா?"

திரையில் சால் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புரூக்ளின் ஆடுது, பாஸ்," என்றான். "நான் அந்த ஊர்க்காரன். மின்தடையெல்லாம் வைக்கல, சத்தியமா. வெறும் கம்பிதான். அடுப்பு வரைக்கும் எட்டட்டும்னு கொஞ்சம் நீளமா விட்டேன்."

அந்த இழைக்கோட்டோடு தன் டியூபின் முதல் படம் காட்டப்படுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஏமஸ்," என்று கூப்பிட்டாள். "இன்னொண்ணு இருக்கு. எங்க ரூம். எங்க ஆளு. நான் போய்ப் பிடுங்கிட்டு வரேன், நீங்க அவங்களை வாசல்லயே நிறுத்தி வைங்க."

கிரோக் திரைக்கு முன் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கோட்டைக் கண்டுபிடித்ததும் முகம் முழுக்க மலர்ந்தது; பல வருஷமாக அவள் பார்க்காத மலர்ச்சி.

"நான் ஒழுங்கா செஞ்சு நிறையக் கெடுத்தேன்," என்றார். "உன் ஆளு ஒழுங்கில்லாம செஞ்சு கொஞ்சமா கெடுத்திருக்கான். ஓடு, ஓடு. நான் தார்ன்பெரிகிட்ட கேபிள் பத்திப் பேசறேன். அவர் தப்பிச்சு ஓட வழி தேடுவாரு, நேரம் கிடைக்கும்."

வெர்னா காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். கம்பியைப் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டுத் திரும்பியபோது கிரோக் வாசலை அடைத்து நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தார்ன்பெரி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்கதவு வழியாக நுழைந்து காலணியை மாட்டினாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். "கொட்டகை விளக்கை அணை, சால்," என்றாள்.

திரை கருத்தது. யாரோ இருமினார்கள். இயக்குநர் நாற்காலியில் அசைந்தார்.

பிறகு இருட்டில் ஒரு தீக்குச்சி உரசியது. சத்தம் ஃபோனில் மட்டும் கேட்டது. திரையில் ஒரு சின்னத் தழல், அதற்குப் பின்னால் ஒரு மூக்கு, ஒரு கன்னம், சவரம் செய்யாத தாடை, இமைகள், கண்ணுக்குள் அந்தத் தழலின் புள்ளி. ஒரே முகம். பக்கத்தில் யாரும் இல்லை. தார்ன்பெரி நாற்காலியை விட்டு எழுந்ததை அவரே உணரவில்லை போலிருந்தது. முன்னால் நடந்து வந்து திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார்.

தீக்குச்சி விரலைச் சுட, சால் கையை உதறினான். மறுபடி இருட்டு.

"இன்னொரு குச்சி," என்றார் தார்ன்பெரி.

சால் இன்னொன்றைக் கிழித்தான். அப்புறம் இன்னொன்று. பெட்டி காலியாகும் வரை அவர் விடவில்லை.

"இந்த மாதிரி டியூப் உங்ககிட்ட எத்தனை இருக்கு, மிஸ் ஹோலிக்?"

"ஒண்ணு."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். தார்ன்பெரி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கிறிஸ்துமசுக்குள்ள எனக்கு ஆறு வேணும்," என்றார். "முடியுமா?"

"தும்மாத ஆள் ரெண்டு பேர் கொடுங்க," என்றாள் வெர்னா. "முடியும்."