கூரைமேல் நடப்பவர்

மழைக்கு முன் கூரையைப் பார்த்துச் சொல்லும்படி அந்த வீட்டு மகள்தான் கூப்பிட்டிருந்தாள். ஓட்டுக்காரர் ஏணியைச் சாய்க்கும்போதே சமையலறை ஜன்னலில் அவளுடைய அம்மா முகம் காட்டினாள்.

“பாத்துப் போங்க தம்பி. மேல அவரு இருப்பாரு.”

யார் என்று கேட்க வாயெடுத்தவர், மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். போன மழைக்கு முன் ஓடு மாற்ற ஏறிய வீட்டுக்காரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முகட்டிலேயே சாய்ந்தது தெருவுக்கே தெரியும். தானாக ஏறினவரைக் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள்.

மேலே ஓடுகள் கொதித்தன. விரல்கணுவால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல ஓடு கணீரென்றது. விரிசல் விட்டது தொண்டை கட்டினவன் மாதிரி முனகியது. இரண்டு ஓடுகளைக் கழற்றிப் பார்த்தார். அவற்றைத் தாங்கும் ரீப்பர் கட்டை, தொட்டதும் மாவாக உதிர்ந்தது. நிமிர்ந்தபோதுதான் கவனித்தார். கூரை முழுக்கப் பாசி கறுத்துக் கிடக்க, ஏணி முனையிலிருந்து முகடுவரை மட்டும் ஓடு செக்கச்செவேலென்று தெரிந்தது. ஆள் நடந்து நடந்து தேய்ந்த தடம். அந்த உச்சி வெயிலில், தடத்தின்மேல் கால் படாமல் ஒதுங்கி ஏணிக்கு வந்தார்.

இறங்கியதும் மகளைத் தனியாகக் கூப்பிட்டார். “யாரும்மா மேல நடக்கறது?”

“நான்தாண்ணே.”

அப்பா போனதிலிருந்து அம்மாவைச் சாப்பிட வைக்க, கெஞ்சியும் அதட்டியும் பார்த்துவிட்டாள். ஒருநாள் ஒழுகும் இடத்தை மூட இவள் ஏறினாள். இறங்கி வந்தால் அம்மா தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா மேலே வேலையாக இருக்கிறார், இறங்கும்போது நான் சாப்பிடாமல் இருந்தால் திட்டுவார் என்றாளாம்.

“அன்னிலேர்ந்து மத்தியானமானா ஏறி நடக்கறேன். வேற என்ன பண்றது?”

“கட்டையெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. இனிமே ஏறினா நேரா அவங்க தட்டுலதான் வந்து விழுவே.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஏறலேன்னா அவங்க இருக்க மாட்டாங்கண்ணே.”

அவர் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். ரீப்பர்களைச் சுமக்கும் கைமரம் மட்டும் இன்னும் உரமாக இருந்தது. அது போகும் வழி பார்த்து, அவள் பயமில்லாமல் கால் வைக்கக்கூடிய ஓடுகளில் வட்டம் போட்டுக்கொண்டே முகட்டை நோக்கி நகர்ந்தார்.

பாதி வழியில், கீழே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

கழற்றிய ஓட்டின் சந்து வழியாகக் குரல் ஏறி வந்தது. கோபித்துக்கொள்வதுபோல, கொஞ்சம் கொஞ்சலாக. “ஏங்க, ஏன் நின்னுட்டீங்க? இத்தனை நாளும் வேற யாரோ நடந்தாங்க. எனக்குத் தெரியாதா? இன்னிக்குத்தான் உங்க நடை.”

ஏணியைப் பிடித்திருந்த மகள் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

ஓட்டுக்காரர் காலைத் தூக்கினார். கைமரம் எங்கே என்று நிதானித்து, அடுத்த ஓட்டின்மேல் முழுப் பாதத்தையும் வைத்தார். கீழே சோறு பிசையும் சத்தம் தொடங்கியது.