மூணு ஃபேன் கார்டுக்குக் கிடைத்த சம்மதம்

கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொல்லும் புருஷனை முதலில் கும்பிட வேண்டும், அடுத்து அவன் சட்டைப்பையைச் சோதிக்க வேண்டும். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பெண்கள் படிக்கட்டில் நின்று பேசிப் பேசிக் கண்டுபிடித்த ஞானம் இது. மூன்றாம் மாடிப் பல்லக்காவுக்கு மட்டும் இந்த ஞானம் இத்தனை வருஷமாகத் தேவைப்படவில்லை. அவள் புருஷன் எதைக் கேட்டாலும் முதலில் “எதுக்கு?” என்பார், பிறகு “இப்ப எதுக்கு?” என்பார், அதையும் தாண்டினால் “எவ்வளவு?” என்பார்.

அவருக்குக் குடியிருப்பில் ரசீது என்று பெயர். வாசலில் போடும் கால்மிதிக்கே நாலு கடை ஏறி இறங்கி, மறுபடி முதல் கடைக்கு வந்து, “அங்க குறைச்சுத் தராங்களே” என்று கூசாமல் சொல்லி வாங்கியவர். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேலாளர். கல்லில் நார் உரிக்கிறவர் என்று ஊர் சொல்லும். “உரிச்ச நாரை எடை போட்டு வேற வைப்பான்” என்பாள் அவர் கூடப் பிறந்த தங்கையே.

பல்லக்கா பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அதற்குப் பல் செய்து கொடுக்கிற லேபில் வேலை. ஒருத்தர் வாயில் நிஜப் பல்லுக்குப் பக்கத்தில் பொய்ப் பல்லை வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. அந்த மாதிரிக் கை. லேப் முதலாளிக்கு வயசாகிவிட்டது. “நீ பாதிப் பங்கு எடுத்துக்கோம்மா, இல்லாட்டி இழுத்துப் பூட்டிடுவேன்” என்று சொல்லியிருந்தார். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது ரசீது டிவியைப் பார்த்தபடி “ம்” என்றார். மறுவாரம் நினைவுபடுத்தினாள். அதற்கும் “ம்.” எருமை மேல் மழை பெய்த கதைதான்.

பகலெல்லாம் பல், சாயங்காலமானால் அவள் கம்ப்யூட்டருக்குள் காடு புகுந்துவிடுவாள். வில் அம்போடு திரிகிற விளையாட்டு. கூட்டாளிகள் மூன்று பேர், எந்தெந்த நாட்டிலோ இருக்கிறார்கள், குரல் மட்டும்தான் பழக்கம். அந்தக் காட்டில் மழை பெய்தால் போச்சு, பல்லக்காவின் படம் திக்கித் திக்கி நிற்கும். நிற்கிற சமயம் பார்த்து எவனாவது வந்து வெட்டிவிட்டுப் போவான். “உன் கிராபிக்ஸ் கார்டைத் தூக்கிக் குப்பையில போடு” என்று மூன்று குரலும் சொல்லிவிட்டன. படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற சாமான் அது. கம்ப்யூட்டர் வயிற்றில் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். நல்லதாக வாங்கினால் ஒரு ஃபிரிட்ஜ் விலை. பெரிய ஃபிரிட்ஜ்.

பல்லக்கா வாதங்களை வரிசையாகத் தயார் செய்துகொண்டு, ரசீது சட்டைக்கு இஸ்திரி போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

“என்னங்க, அந்த கார்டு ஒண்ணு…”

“வாங்கிடு.”

“இல்ல, விலை கொஞ்சம்…”

“வாங்குறதுதான் வாங்குற, பெரிசாவே வாங்கு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.”

இஸ்திரிப் பெட்டியை அவர் சட்டைக் காலரில் ஓட்டிக்கொண்டே இருந்தார். பல்லக்காவின் வாயில் மிச்ச வாதமெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம். அவளுக்கோ சந்தேகம் தட்டியது.

நேராகக் கீழே இறங்கினாள். தரைத்தளத்தில் நாத்தனாரின் பியூட்டி பார்லர். அங்கே புருவம் திருத்துவது உபதொழில். முக்கியத் தொழில் வம்பளப்பு என்று குடியிருப்புக்கே தெரியும். நாற்காலியில் ஒரு பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, நாத்தனார் பல்லில் நூலைக் கடித்தபடியே கேட்டாள்.

“எங்க அண்ணன் சரின்னு சொன்னானா? ஒரே வார்த்தையிலயா?”

“பெரிசாவே வாங்குன்னு வேற சொல்றாரு.”

நூல் நின்றது. “அண்ணி, உட்காருங்க முதல்ல. சின்ன வயசுல ஒரு நாள் எனக்கு அவன் பங்கு மிட்டாயையும் சேர்த்துக் குடுத்தான். பாசம்னு நெனச்சு நக்கி நக்கித் தின்னேன். தின்னு முடிச்சுட்டுப் பையைத் திறந்தா, என் கலர் பென்சில் டப்பா ரெண்டா கிடக்குது. மிட்டாய் அதுக்கு.”

“இப்ப எதை உடைச்சாராம்?”

“அதைத்தான் கண்டுபிடிக்கணும். புது சென்ட்டு கிண்ட்டு?”

“பழைய சென்ட்டுக்கே தண்ணி கலந்து அடிக்கிறாரு.”

“போனைக் குப்புற வைக்கிறானா?”

“திறந்துதான் கிடக்குது. போய்ப் பாத்தேன். பூரா வெங்காய விலை.”

நாற்காலியில் இருந்த பெண், ஒரு புருவம் மெலிந்தும் ஒரு புருவம் தடித்தும் இருக்கக் கண்ணைத் திறந்தாள். “எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் எனக்குத் தையல் மிஷின் வாங்கித் தந்தாரு. மறுவாரமே அவங்க அக்கா குடும்பத்தோட வந்து இறங்கிட்டாங்க. இன்னும் போகலை.”

“எங்க அண்ணனுக்கு நான்தானே ஒரே தங்கச்சி, நான் ஏற்கெனவே இங்கதான் இருக்கேன்” என்று நாத்தனார் அந்தச் சந்தேகத்தை வெட்டினாள். அந்தப் பெண் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்; காதை மூடவில்லை.

“வேற எதுவும் வித்தியாசமா?”

பல்லக்கா யோசித்தாள். ஒன்று இருந்தது. இன்டர்நெட்டுக்கு எப்போதும் ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டுவார், தள்ளுபடிக்காக. போன வாரம் ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டியிருந்தார். கேட்டதற்கு, “பார்ப்போம், வேற கம்பெனி குறைச்சுத் தரலாம்” என்றார்.

“தள்ளுபடியை விட்டானா?” நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். “அண்ணி, இது பொம்பளை விஷயம் இல்லை. அதைவிடப் பெரிசு.”

மறுநாள் கடை. மாடிப்படி ஏறிப் போக வேண்டிய இடம். சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனை வீரன் வாளோடு முறைத்தான். கடைக்காரர் ரசீதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். “சாருக்கு என்ன கேம்?” ரசீது கட்டைவிரலால் மனைவியைக் காட்டினார். கடைக்காரர் தன் சிரிப்பை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.

“மேடம், இது பாருங்க. மூணு ஃபேன். மழை என்ன, புயலே அடிச்சாலும் படம் நிக்காது. பெட்டி மட்டும் திறந்திருக்கு, டிஸ்ப்ளேக்காக. அதனாலதான் இந்த விலை.”

பல்லக்கா வாங்கித் திருப்பினாள். சந்தேகம் என்பது கொட்டாவி மாதிரி. வீட்டில் ஆரம்பித்தால் கடையிலும் வரும். பின்பக்கத் திருகாணி ஒன்றின் தலை வழுக்கியிருந்தது. விசிறி இறக்கையின் அடியில் விரலை விட்டாள், சாம்பல் நிறத்தில் தூசி ஒட்டிக்கொண்டு வந்தது.

“டிஸ்ப்ளேல வச்சாக்கூட ஃபேன் சுத்துமா?”

“அது… பையனுங்க சும்மா போட்டுப் பாத்திருப்பாங்க.”

“எத்தனை மாசம் போட்டுப் பாத்தாங்க?”

கடைக்காரர் அதை உள்ளே வைத்துவிட்டு, சீல் பிரிக்காத இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மூன்று விசிறி, முழங்கை நீளம். இன்னொன்று இரண்டு விசிறி, குட்டை, வேகம் ஒரு படி குறைவு. இவரையும் நம்பக் கூடாது என்று அவள் சீலின் ஓரங்களை நகத்தால் தடவிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் ரசீது முதன்முதலாக வாயைத் திறந்தார்.

“இதை கம்ப்யூட்டருக்குள்ள மாட்டினபடியே லாரியில ஏத்தலாமா?”

“ஐயையோ, கூடாது சார். பெரிய கார்டு கனம். ரோட்டுல குலுங்கினா மாட்டியிருக்கிற இடமே பிச்சுக்கும். கழட்டித் தனியா, இதே பெட்டியில, இதே ஸ்பாஞ்சுல வச்சுத்தான் கொண்டு போகணும். எவ்வளவு தூரம் சார்?”

“சும்மா கேட்டேன்.”

சும்மா. பல்லக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கிடங்குக்காரர், ராத்திரி கனவிலும் லாரியில் சரக்கு ஏற்றுகிற ஜென்மம், கேட்டிருக்கலாம். அவளே அவருக்காக வக்கீல் வேலை பார்த்தாள். ஆனால் ரசீது நிறுத்தவில்லை.

“அப்ப இந்தச் சின்னதே போதுமே. கனம் கம்மி. பெட்டியைத் தூக்கிப் போட்டுடாத, என்ன? அட்டை, ஸ்பாஞ்சு எல்லாம் இருக்கட்டும்.”

டிவி வாங்கிய அன்றைக்கே அதன் அட்டைப்பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் எடை போட்டவர். நேற்று ‘பெரிசாவே வாங்கு’ என்றவர். ஒரு மாச இன்டர்நெட். கனம் கம்மி. லாரி. பல்லக்காவுக்குள் எல்லாம் கடகடவென்று வரிசையில் வந்து நின்றன. கார்டைக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

“எந்த ஊருக்கு?”

“என்ன எந்த ஊருக்கு?”

“லாரி எந்த ஊருக்குப் போகுதுங்க?”

ரசீது கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் ஒயர்களை எண்ண ஆரம்பித்தார். எண்ணுகிற மனுஷன் உதடு அசைய வேண்டுமே, அசையவில்லை.

“வெளிய போய்ப் பேசலாம்.”

“இங்கயே சொல்லுங்க. இவருக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்குத்தான் தெரியலை.”

ரசீது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கம்பெனி வேறொரு ஊரில் புதுக் கிடங்கு திறக்கிறது. பெரிய கிடங்கு. அவர்தான் தலைவர். ரயிலில் போனாலே ஒரு முழு நாள் ஆகிற ஊர்.

“கேட்டிருக்காங்களா, இல்ல சரின்னு சொல்லிட்டீங்களா?”

“சம்மதம்னு மெயில் போட்டுட்டேன். உன்கிட்ட சொல்லணும்னுதான்… நல்ல நேரம் பாத்துட்டிருந்தேன்.”

“எது நல்ல நேரம்? லாரி வந்து ஹாரன் அடிக்கிறதா?”

“கோவப்படாத. உனக்கு அங்க ஒரு குறையும் வராதுன்னு யோசிச்சுத்தான். நீ சாயங்காலம் ஆனா பேசுறது சிரிக்கிறது எல்லாம் அந்த மூணு பேர்கிட்டதான். அவங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்காங்க. நீ எங்க போனாலும் கூடவே வருவாங்க. நல்லதா ஒரு கார்டு வாங்கிக் குடுத்துட்டா, உனக்கு ஊர் மாறினதே தெரியாதுன்னு நெனச்சேன்.”

அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை; அதுதான் கொடுமை. சரக்கைக் கெடாமல் இடம் மாற்றுவது அவர் தொழில். எந்தப் பெட்டியில் வைத்தால் எது வாடாது என்று கணக்குப் போட்டே பழகிய புத்தி, பெண்டாட்டிக்கும் ஒரு பெட்டி பார்த்து வைத்திருந்தது.

“என் லேபு?”

“அங்கயும் மனுஷங்களுக்குப் பல்லு இருக்கும்ல?”

ஒயர் எண்ணிக்கொண்டிருந்த கடைக்காரருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. “சார்…” என்று ஆரம்பித்து, தன் வியாபாரம் நினைவுக்கு வந்து, நிறுத்திக்கொண்டார்.

பல்லக்காவுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. அந்த இரண்டு ‘ம்’களும்தான் காதில் கேட்டன. முதல் ‘ம்’ சொன்னபோது மெயில் போட்டாகிவிட்டதா, இரண்டாவதுக்கு முன்னாலா? கேட்டால் உண்மை சொல்வாரா? இனிமேல் இவர் “சாப்பிட்டேன்” என்றாலும் சோற்றுப் பானையைத் திறந்து பார்க்கத் தோன்றுமே.

“மூணு ஃபேனையே குடுங்க” என்றாள் கடைக்காரரிடம். ரசீது பர்ஸை எடுத்தார்.

“உள்ள வைங்க. இது என் சம்பளம். உங்க காசுல வாங்கினா, ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரைப் போடும்போதும் லஞ்சம் வாங்கினவ மாதிரி இருக்கும்.”

பணம் கட்டினாள். ரசீது பெட்டியைத் தூக்கிக்கொண்டார். தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சும்மா நிற்கக் கை கூசியிருக்கும். படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

“எங்க போற?”

“லேபுக்கு. முதலாளி இந்நேரம் இருப்பாரு. பங்குப் பத்திரத்துல கையெழுத்துப் போடப் போறேன்.”

“கொஞ்சம் பேசிட்டுப் போலாமே.”

“பேசலாமே. முதல்ல கையெழுத்துப் போட்டுட்டு வரேன். அப்புறம் நல்ல நேரம் பாத்துச் சொல்றேன்.”

ரசீதுக்கு அடி பட்ட இடம் தெரிந்தது. பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வேகமாக நடக்கப் பெட்டி விடவில்லை. மெதுவாக நடக்க அவள் விடவில்லை. தெருவில் போகிறவர்கள், முன்னால் வெறுங்கையோடு போகிற பெண்ணையும், பின்னால் வாள் வீரன் படத்தைச் சுமந்து மூச்சு வாங்கும் மனுஷரையும் பார்த்து வழி விட்டார்கள்.

“அப்ப நான் ஆபீசுல என்ன சொல்லட்டும்?” என்றார், முனை திரும்பும்போது.

“என்கிட்ட எப்படிச் சொல்லாம இருந்தீங்களோ, அப்படியே அவங்ககிட்டயும் இருங்க. பழக்கம்தானே.”

லேப் இருந்த கட்டிடம் வந்தது. மேலே மாடியில் பல்லை ராவுகிற இயந்திரம் ஓடும் சத்தம். அவள் முதல் படியில் கால் வைத்ததும் கீழேயிருந்து கேட்டார்.

“நானும் மேல வரட்டுமா?”

பல்லக்கா திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சம்மதம் கேட்டது இதுதான் முதல் தடவை. எதற்குக் கேட்கிறார்? கூட நிற்கவா? முதலாளியைத் தனியாகப் பிடித்து “கொஞ்சம் பொறுங்க சார்” என்று காதைக் கடிக்கவா? புது முகத்தைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வியர்த்திருந்தது, வெட்கமும் இருந்தது, இன்னும் ஏதோ ஒன்று இருந்ததா என்பது பிடிபடவில்லை.

“வாங்க. ஆனா அங்க பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்.”

அவள் ஏறினாள். அவர் ஏறும் காலடி பின்னால் கேட்டது. எங்காவது நிற்கிறாரா, போனை எடுக்கிறாரா என்று கடைசிப் படி வரை காதைப் பின்னால் வைத்தபடியே போய், கதவைத் தள்ளினாள்.