கடைசி வரியில் ‘யாவும் கற்பனை’

எங்கள் பள்ளிக்கரணை பிளாட்ஸுக்குத் தண்ணீர் லாரி வருகிறதோ இல்லையோ, தினமும் காலை ஏழு மணிக்குத் தோத்தாத்ரி சாரின் கதை ஃபேஸ்புக்கில் வந்துவிடும். பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு நமக்குத்தான் இல்லை. எல்லாக் கதைக்கும் முதல் வரி ‘உண்மைச் சம்பவம்’. கடைசி வரி ‘யாவும் கற்பனை’. நடுவில் ‘மேலும் பார்க்க’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கிக் கடைசிவரை போக இங்கே எவருக்குப் பொறுமை? முதல் நாலு வரியிலேயே இதயத்தைத் தட்டிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவார்கள்.

போன திங்கட்கிழமைக் கதையில், பெரும்பாக்கத்திலிருந்து வரும் வேலைக்காரி ஒருத்தி வளையல் திருடினாள். பெயர் செல்லம்மா. ஒரு பெயர் யோசிக்கக்கூட அந்த மனுஷனுக்குச் சோம்பல்! பெரும்பாக்கத்திலிருந்து வந்து எங்கள் பிளாட்ஸில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவளும் செல்லம்மாதான். முதல் நாலு வரியை யாரோ வெட்டி பிளாட்ஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். புதன்கிழமைக்குள் மூன்று வீடுகள் அவளை நிறுத்திவிட்டன. மிச்சம் என் வீடு மட்டும்.

“இன்னாக்கா இது, நா எப்போ வளையல் எடுத்தேன்? ஒரே வூட்டை வச்சிகினு எப்படிக்கா பொழைக்கிறது?” என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

சார் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “மாளவிகா, இது புனைவும்மா. கடைசி வரியில போட்டிருக்கேனே, படிக்கலையா?” என்றார்.

“யாரும் படிக்கலை சார். இவ திருடலைன்னு ரெண்டு வரி எழுதுங்க. இவ பொழப்பே போச்சு.”

“பேஷா எழுதறேன்.”

எழுதினார். ரெண்டு வரி இல்லை, இரண்டாம் பாகம். ‘உண்மைச் சம்பவம். என் கதாநாயகி இன்று என் கதவைத் தட்டினாள். காலில் விழுந்து கதறினாள். மன்னித்து, காபி கொடுத்தேன்.’ காபியாவது மண்ணாவது! ஒரு வாய் தண்ணீர் தரவில்லை அந்த மகானுபாவர். கீழே அறுநூறு பேர் கண்ணீர் வடித்திருந்தார்கள். ‘இந்த மனசு யாருக்கு சார் வரும்’ என்று வேறு.

மறுநாள் லிஃப்டில் சின்மயியைப் பார்த்தேன். செல்லம்மாவை நிறுத்திய மூன்று பேரில் ஒருத்தி. “பாவம், ஒத்துக்கிட்டாளாமே! இல்லேன்னா எதுக்குக் கால்ல விழணும்?” என்றாள்.

செல்லம்மாவிடம் சொன்னேன். தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, “நீ கூடத்தானே நின்னுகினு இருந்தே. நீயே எழுதேன்க்கா,” என்றாள்.

அதே பதிவின் கீழே எழுதினேன். ‘இது பொய். நான் பக்கத்தில் இருந்தேன். செல்லம்மா எதையும் எடுக்கவில்லை. யார் காலிலும் விழவில்லை.’

பத்து நிமிஷத்தில் சார் பதில் போட்டார். ‘பிரமாதம் மாளவிகா! அதே கதை, வேறு கோணம். உங்களுக்கும் எழுத்து கைவருகிறது. விடாமல் எழுதுங்கள்.’

அதற்கு நாற்பது இதயம். முதல் இதயம் சின்மயியுடையது. செல்லம்மாவை ஒரு வீடும் திரும்பக் கூப்பிடவில்லை.