எங்கே செருகினாலும் படம் வரணும்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் கேள்வியில் தொடங்கியது. கம்ப்யூட்டர் கடை முஸ்தபா அனுப்பியது. "என்ன யூஸுக்குங்க வேணும்? ஆபீஸ் வேலையா, கேமா, டிசைனா?"

பதில் டைப் செய்தேன். நீளமாகிவிட்டது. அழித்துவிட்டு 'டிசைன்' என்று மட்டும் அனுப்பினேன். அழித்ததிலிருந்து வளர்ந்தது இது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

(அ) மெர்சி செத்த எட்டாம் மாதம் கம்ப்யூட்டரும் செத்தது. [ஒரே வரியில் அந்தச் சொல் இரண்டு தடவை வருகிறது. எதை எடுப்பது என்று தெரியவில்லை.]

(ஆ) துடியலூரில் அன்று இடி இடித்தபோது நான்

(இ) தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே முப்பரிமாணப் படங்களைச் சுழற்றிக் காட்டும் பிராசசர்கள் இப்போது வந்துவிட்டன.

மூன்றாவதில் யாரும் சாகவில்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மெர்சி என் மனைவி. வீடு கட்டுகிறவர்களுக்கு முப்பரிமாணத்தில் உள்ளறைப் படம் போட்டுக் கொடுப்பாள். கடைசியாகப் போட்டது பொள்ளாச்சி மாசாணியம்மாளின் சமையலறை. பிறகு ஐந்து நாள் காய்ச்சல். படம் பாதியில் நின்றது.

மாசாணியம்மாள் எட்டு மாதம் எதுவும் கேட்கவில்லை. மற்ற அறைகளைக் கட்டி முடித்தார். போன வாரம்தான் கூப்பிட்டார்.

"கண்ணு, கேக்கறதுக்கே சங்கட்டமா இருக்குது. அம்மணி போட்ட படம் இருந்தா அனுப்பு சாமி. இல்லாட்டி மேஸ்திரி அவன் இஷ்டத்துக்குக் கட்டிப்போடுவான்."

படம் இடியில் போன கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கிராபிக்ஸ் கார்டுதான் போயிருக்கும் என்று முடிவு செய்தேன். நான் பொறியியல் படித்தவன்.*

* மெக்கானிக்கல்.

இனித் தனிக் கார்டே வேண்டாம், பிராசசருக்குள்ளேயே நல்ல கிராபிக்ஸ் இருப்பதாகப் பார்ப்போம் என்று நான்கு நாள் ஒப்பிட்டேன். ஆறு கோர் பிராசசரா, எட்டுக் கோர் பிராசசரா. உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் பொது மெமரியான ராமைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் ராமை ஒன்றுக்கு இரண்டாகப் போட வேண்டும். இதையெல்லாம் படிக்கும்போது வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. பரிந்துரைக்கிறேன்.

4

முஸ்தபாவை முதலில் சாந்தமான மனிதராக எழுதியிருந்தேன். படித்தால் நம்ப முடியவில்லை. அடித்துவிட்டேன். உள்ளபடியே எழுதுகிறேன்: பழைய பெட்டியைத் திறந்தார், தூசியை ஊதினார், சிரித்தார்.

"ஏனுங்க, இந்தக் கார்டை எப்பவாச்சும் உபயோகிச்சீங்களா?"

"நாலு வருசமா அதுலதானுங்க வேலை."

"அப்படீங்களா? மூடியே கழட்டலீங்களே."

கார்டின் பின்பக்கம் நான்கு துளைகள். புதிதாக வரும்போது போட்டிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகள் நான்கிலும் அப்படியே இருந்தன.

"மானிட்டர் வயரை எங்க செருகியிருந்தீங்க?"

காட்டினேன்.

"அது மதர்போர்டுங்க, கார்டு இல்லீங்க. கார்டைப் பந்தியில உக்கார வெச்சு நாலு வருசமா எலையே போடலீங்க நீங்க."

மெர்சி ஆறு மாதம் கேட்டு வாங்கிய கார்டு. அன்று வயரைச் செருகியது நான். அதற்குப் பிறகும் அவள் ஒரு வீட்டைத் திருப்பினால் படம் சிக்கி நிற்கும். "ஸ்டக் ஆகுதுப்பா" என்பாள். "உன் ஃபைல் அவ்வளவு கனம். பொறுமையா இரு" என்பேன். பொறுமையாக இருந்தாள். படம் திரும்பி முடிக்கிற வரைக்கும் டீயோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதாவது கேட்பாள். அலமாரிக்கு எந்த நிறம், ஜன்னல் எங்கே. "எங்க வெச்சாலும் சரி" என்பேன்.

[இந்த இடத்தில் நான் அழுவதாக ஒரு வரி இருந்தது. அழவில்லை. முஸ்தபா டீ சொன்னார். குடித்தேன்.]

"போனது போர்டும் பிராசசரும்தானுங்க. கார்டு புதுசாட்டம் இருக்குது. கிராபிக்ஸ் இல்லாத பிராசசரே எடுத்துக்குங்க, கார்டுல ஓட்டிக்கலாம்."

"வேண்டாங்க. உள்ளயே கிராபிக்ஸ் இருக்கறதா குடுங்க. இருக்கறதுலயே நல்லதா."

"கார்டும் இருக்குது, அதுவும் எதுக்குங்க?"

"எங்க செருகினாலும் படம் வரணும்."

இதற்கு அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அவரைக் கதையில் விட்டுவைத்திருக்கிறேன்.

5

முடிவு ஒன்று: புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் படம் திறக்கவில்லை. (பொய். திறந்தது.)

முடிவு இரண்டு: படத்துக்குள் எனக்கு ஒரு கடிதம் இருந்தது. (மெர்சிக்கு அந்தப் பழக்கம் இல்லை.)

நடந்தது: பழைய ஹார்டு டிஸ்க்கை முஸ்தபா புதுப் பெட்டியில் மாட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் வயரைக் கையில் எடுத்தேன். பழைய இடத்திலேயே செருகினேன். சமையலறை சிக்காமல் சுழன்றது. மெர்சி அதை ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. டீ போட எழுந்திருக்கும் அளவுக்கு நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு பக்கத்திலிருந்தும் படமெடுத்து அனுப்பினேன். உடனே மாசாணியம்மாள் கூப்பிட்டார்.

"பாந்தமா இருக்குது கண்ணு. கொழாயைத்தான் காணம்."

பார்த்தேன். அடுப்பு மேடை இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டி இருந்தது. அதற்கு மேலே சுவர் மட்டும்.

"ரெண்டு கொழா வரோணும். நல்ல தண்ணி ஒண்ணு, போர்த் தண்ணி ஒண்ணு. போர்த் தண்ணி உப்பு. கை பழகிப்போச்சுன்னா பாக்காமயே தொறப்போம், மாறுச்சுன்னா ஒலை வீணாப் போயிரும். நாளைக்குக் காத்தால மேஸ்திரி பைப்பு போட வாரான். நல்ல தண்ணிய அம்மணி எந்தப் பக்கம் நெனச்சிருந்துச்சு?"

"பாத்துச் சொல்றனுங்க" என்றேன்.

6

பார்ப்பதற்கு எதுவும் இல்லை. மெர்சி இதை என்னிடம் கேட்டாள். படம் சிக்கி நின்ற ஒரு சாயங்காலம். "நல்ல தண்ணி இடது பக்கமா, வலது பக்கமா?" போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னேன். என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். சுவர் அதனால்தான் காலி.

என்ன யூஸுக்கு என்று முஸ்தபா கேட்டதற்கு இப்போது சரியான பதில் இருக்கிறது. இரண்டு குழாய் வைக்க. ஒரு நொடி வேலை. எட்டுக் கோர்.

காலைக்குள் மாசாணியம்மாளுக்கு ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். மெர்சி நினைத்திருந்தது அதுதான் என்றும் சொல்ல வேண்டும். அந்தச் சமையலறையில் அவர் ஆயுசுக்கும் உலை வைக்கப் போகிறார். இந்தக் கதையை உங்களிடம் கொண்டுவந்ததே இதற்காகத்தான்.

எங்கே வைத்தாலும் சரி என்று மட்டும் சொல்லாதீர்கள். நல்ல தண்ணி எந்தப் பக்கம்?