மேல் கயிற்றில் சயோ

ஒசாகா அரங்கில் ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். ரிங்குக்குப் பக்கத்து மேசையில், டிவி வர்ணனையாளர் யனகிதாவோடு நான் உட்கார்ந்திருந்தேன். மல்யுத்தத்தை விட்டபின் ஆட்டத்தை எடைபோட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. ரிங்கில் சயோ. எங்கள் கம்பெனியின் புது நட்சத்திரம். எந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலும் அந்தரத்தில் பறந்துகொண்டிருப்பாள்.

ஹெட்போனில் முதலாளி இச்சினோசேயின் குரல் கேட்டது. "நகுமோ, இன்னைக்குக் குறை சொல்ற வேலையே வேணாம். பொண்ணைத் தூக்கி வச்சுப் பேசு."

பேசினேன். "முழங்கை அடி சுத்தமா விழுது" என்றேன். ஒன்றும் சுத்தமாக விழவில்லை. எதிராளி கரின்தான் இழுத்துப் பிடித்து ஆட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். போன மாதம் நகோயாவில் சயோ மேலிருந்து குதித்தபோது, கீழே படுத்திருந்த பெண்ணின் தோள்பட்டை எலும்பு நொறுங்கிவிட்டது. யார் ஜெயிப்பது என்பதை நாங்கள் முன்பே பேசி வைத்துக்கொள்வோம். எலும்பு முறிவது அந்தப் பேச்சில் வராது.

கடைசியில் கரின் மல்லாந்து படுத்தாள். சயோ மூலைக் கம்பத்தில் ஏறி மேல் கயிற்றில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன யோசிக்கிறாங்க, நகுமோ மேடம்?" என்றார் யனகிதா.

"கூட்டத்தை ஏங்க வைக்கிறா."

"அப்படித்தான், இன்னும் ஏத்து" என்றது காதுக்குள் குரல்.

என் மேசை டிவியில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள்.

"ஏம்மா, மேலேருந்து உங்க வீடு தெரியுதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவள் முழங்காலை மடக்கினாள். உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. அப்படியே குதித்தால் முழங்கால் கரினின் முகத்தில்தான் இறங்கும்.

நான் எழுந்துவிட்டேன். "சயோ, வேணாம்! எறங்குடி!"

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழவியைப் போல இறங்கினாள். கூட்டம் ஊளையிட்டது. என்ன செய்வதென்று தெரியாத கரின், எழுந்து அவளை மடக்கிப் போட்டுத் தோள்களைத் தரையோடு அமுக்கினாள். நடுவர் தயங்கித் தயங்கி மூன்று எண்ணி முடித்தார். தோற்க வேண்டியவள் ஜெயித்துவிட்டாள்.

யனகிதா என் பக்கம் திரும்பினார். "உங்க... உங்க கருத்து, மேடம்?"

"மோசமான ஆட்டம். நகோயாவிலேருந்தே அவளுக்குப் பயம் புடிச்சிருக்கு. அது தெரிஞ்சும் மேல ஏத்தி விட்டது நாமதான்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடந்தேன்.

உடை மாற்றும் அறைக்குள் போனபோது சயோ பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். "டிவியிலயா சொல்லணும், அக்கா? எங்கம்மா பாத்துட்டிருப்பாங்க."

"தனியா சொல்லிருந்தா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியாவது பாத்திருக்கலாம்ல?"

அதற்குள் இச்சினோசே வந்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நகுமோ, பிச்சு உதறிட்ட! பயம்னு நீ சொன்னதுலேருந்து ரசிகர்கள் அதையேதான் பேசறாங்க. அடுத்த மாசம் தோக்கியோ. பயத்தை ஜெயிக்கப் போற சயோ! இன்னைக்கு ஏறுனதை விட உயரமான இடத்துலேருந்து குதிக்கிறா."

"நான் நிஜமாத்தான் சொன்னேன், முதலாளி."

"அதான் எடுபட்டுச்சு. அங்கயும் நீ எந்திரிச்சுக் கத்தணும். எப்பன்னு நான் சொல்றேன்."

சயோ என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க எறங்குன்னு சொன்னா, அது நிஜமா இல்லையான்னு நான் எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?"

கதவோரம் ஐஸ் பையோடு நின்ற கரின்தான் வாயைத் திறந்தாள்.

"தோக்கியோவுல கீழ படுக்கப் போறது யாரு, முதலாளி?"

"ஏன், நீதான்" என்றார் அவர்.