நவாப் கொடுத்த மோதிரம்

நவாப் ஷேர்தில் கான் தவறவிட்ட சுரைக்காயை அவருடைய வில்லாளி யாத்கார் அடித்திருக்கவே கூடாது. லாகூரில் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். கம்பத்து உச்சியில் கட்டிய சுரைக்காயில் படாமல் எஜமானின் அம்பு தாண்டிப் போனால், அடுத்து வருகிற வில்லாளி இன்னும் ஒரு முழம் தள்ளித்தான் விட வேண்டும். குதிரை ஓடிய வேகத்தில், பாழாய்ப்போன கை பழக்கத்தில் அம்பைச் சரியாக விட்டுவிட்டது. சுரைக்காய் சிதறியது. "வாஹ்! வாஹ்!" என்று மைதானமே அதிரக் கத்தினார்கள்.

"உனக்குக் கொழுப்புடா," என்றான், அவனுக்கு அம்பு எடுத்துக் கொடுக்கும் பக்தாவர். "மனுஷன் மூஞ்சியப் பாத்தியா? சிரிக்கிறாரு. அவரு சிரிச்சா யாருக்கோ கேடுன்னு அர்த்தம்."

மறுநாள் அதே மைதானத்தில் நவாப் யாத்காரைக் கூப்பிட்டார். தம் கட்டைவிரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினார். பச்சை ஜேடு கல்லில் தங்கக் கொடி ஓடி, மாணிக்கப் பூக்கள் பதித்தது. தர்பாரில் பத்துப் பேர் பார்க்கப் போடுவது. நாண் இழுக்க அல்ல.

"நேத்து அசத்திட்டே. இந்தா, போட்டுக்க."

யாத்கார் குனிந்து சலாம் செய்து, நாண் இழுக்கத் தன் கட்டைவிரலில் போட்டிருந்த கொம்பு மோதிரத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். நவாபுடையது நெய்யில் வளர்ந்த விரல். அவன் விரலில் மோதிரம் லொடலொடவென்று சுற்றியது.

"இப்ப இதோடயே சுரைக்காய அடி. எல்லாரும் பாக்கட்டும்."

நாண் இழுபடும்போது மோதிரம் துளி திரும்பினாலும் விரல் போச்சு. விரல் போனால் சோறு போச்சு. வில்லைத் தவிர வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. இடுப்பிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து மோதிரத்துக்குள் செருகப் பார்த்தான். வில்லாளிகள் எல்லோரும் செய்வதுதான்.

"என்னடா அது?"

"தோலுங்க ஹுசூர். கொஞ்சம் தளர்வா இருக்கு, அதான்..."

"நான் குடுத்ததுல குறை கண்டுபிடிக்கிறியா? என் கல்லுக்குள்ள ஆட்டுத்தோலத் திணிக்கிறியா?"

"ஐயோ, இல்லீங்க ஹுசூர்! இதக் கண்ணுல ஒத்திப் பத்திரமா வச்சுக்கறேன். பழைய மோதிரத்தோட அடிக்கட்டுங்களா?"

"நான் குடுத்ததக் கழட்டுறவன எனக்குப் புடிக்காது."

தோலைக் கீழே போட்டுவிட்டு யாத்கார் குதிரையை விரட்டினான். கம்பத்தடியில் சேணத்திலேயே பின்னால் சாய்ந்து, உச்சியைக் குறிபார்த்து நாணை இழுத்தான். மோதிரம் திரும்பியது. நாண் வழுக்கி, விரல் கணுவைக் கிழித்துக்கொண்டு போனது. மோதிரம் தெறித்து, கம்பத்தடிக் கல்லில் பட்டு இரண்டாக உடைந்தது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு அலறினான்.

நவாப் ஆள் விட்டு மோதிரத் துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார்.

"அடடா, உடைச்சுட்டியே! சரி போ, புதுசு செய்யச் சொல்றேன். இந்தத் தடவ உன் விரல் அளவுக்கே."

படுபாவி சொன்ன சொல் தவறவில்லை. காயம் ஆறியதும் கல் பதிக்கிறவன் வந்து மெழுகில் அளவெடுத்துப் போனான். ஈத் தர்பாரில் நவாபே யாத்காரின் கையைப் பிடித்து மாட்டிவிட்டார். பழையதைவிடப் பெரிய மாணிக்கங்கள். சபை வாயைப் பிளந்தது. பக்தாவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்படிடா இருக்கு? தளர்வா?"

யாத்கார் பார்த்தான். இனி மடங்கவே மடங்காத அந்த விரலில் மோதிரம் கொஞ்சமும் அசையவில்லை.

"கச்சிதமா இருக்குங்க ஹுசூர்," என்று குனிந்து சலாம் செய்தான்.